“ஒத்துக்கொண்டு போ” என்பவனை நம்பாதீர்கள்!

தோட்டத்தில் ஒருவர் போலீசில் சிக்கிக்கொண்டால் அவர் வீட்டுக்கு முதலில் ஓடி வருகிறவர் வக்கீல் அல்லர். “எனக்கு அங்கே ஆள் தெரியும்” என்று சொல்லிக்கொண்டு வரும் தரகன்தான். அவன் ஓதுகிற மந்திரம் ஒன்றே ஒன்று: “குற்றத்தை ஒத்துக்கொள், அபராதத்தைக் கட்டு, மறுநாள் பிரட்டுக்கு வந்துவிடலாம்.” கங்காணியும் இதைத்தான் சொல்கிறார். தோட்ட ஆபீசும் இதைத்தான் சொல்கிறது. சங்கக் கிளைப் பொறுப்பாளர்களிலேயே சிலர் இதைத்தான் சொல்கிறார்கள்! வக்கீலுக்குக் கொடுக்கிற காசு வீண் காசு என்பது இவர்களுடைய பொருளாதாரம்.

இந்தப் பொருளாதாரத்தைக் கொஞ்சம் எடை போட்டுப் பார்ப்போம், தோழர்களே.

பால் வெட்டும் தோழர் ஒருவர் மாலையில் மோட்டார் சைக்கிளில் அரைச் சாக்கு ஒட்டுப்பாலோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காவலாளி மறிக்கிறான். “என் மைத்துனனின் இரண்டு ஏக்கர் காட்டுப் பால்” என்கிறார் தோழர். “தோட்டத்துப் பால்” என்கிறான் காவலாளி. ஒட்டுப்பாலின் நெற்றியில் எந்த மரத்துப் பால் என்று எழுதியா ஒட்டியிருக்கிறது? அது தோட்டத்துச் சொத்து என்றும், அதை அவர் திருடினார் என்றும் மெய்ப்பிக்க வேண்டிய பாரம் குற்றம் சாட்டுகிற அரசுத் தரப்பின் தலைமேல் இருக்கிறது. தோழர் கூண்டில் ஏறித் தலையாட்டிவிட்டாலோ, அந்தப் பாரம் முழுவதும் கீழே இறங்கிவிடும். சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம்.

தரகன் சொல்கிறபடி அபராதத்தோடு போய்விடுமா? மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவில் திருட்டுக்கு ஏழாண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு. தண்டனையை விதிக்கிறவர் மாஜிஸ்திரேட், தரகன் அல்ல. அப்புறம் அப்பீல் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறீர்களா? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 305-ஆம் பிரிவைக் கேளுங்கள்: மாஜிஸ்திரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும் பற்றி மட்டுமே மேல்முறையீடு செய்யலாம். “நான் திருடவில்லை” என்று சொல்லும் கதவு அன்றோடு சாத்தப்பட்டுவிடும்.

கோர்ட்டில் குற்றச்சாட்டை மலாய் மொழியில் வாசிக்கிறார்கள். புரியவில்லை என்றால் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்கலாம். ஆனால் நம்மவர்களில் எத்தனை பேர் வாய் திறந்து கேட்கிறார்கள்? கோர்ட் என்றாலே துரையின் பங்களா என்ற நடுக்கம் இன்னும் நம் எலும்பில் இருக்கிறது. காரணமில்லாத நடுக்கமும் அல்ல. 1910 வரை நீடித்த ஒப்பந்தக் கூலி முறையில் வேலைக்கு வராமல் போனதற்கே நம் பாட்டன்மாரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அந்தக் காலம் போய்விட்டது, நடுக்கம்தான் போகவில்லை.

கிராணிமார்களே, இது பால் வெட்டுகிறவர்கள் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! எடைப் புத்தகத்தில் குறைவு, செக்ரோலில் இல்லாத பெயர் என்று ஒருநாள் கம்பெனி உங்கள் மேல் பிராது கொடுக்கலாம். எழுத்தரோ வேலையாளோ செய்யும் நம்பிக்கை மோசடிக்கு 408-ஆம் பிரிவு வகுத்திருக்கும் தண்டனை ஓராண்டுக்குக் குறையாத, பதினான்கு ஆண்டு வரையிலான சிறை, அதோடு பிரம்படி, அதற்கு மேல் அபராதமும். இந்தக் குற்றத்தை “ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வா” என்று யோசனை சொல்கிறவன் உங்களை நேராகச் சிறை வாசலுக்கு அழைத்துப் போகிறான். கணக்குப் பிழை வேறு, நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துக்கொள்வது வேறு. அந்த வித்தியாசத்தைக் கோர்ட்டில் நின்று எடுத்துக்காட்டத்தான் வக்கீல் வேண்டும்.

வக்கீலின் வேலை கோர்ட்டில்தான் தொடங்குகிறது என்பதும் தவறு. கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும், அவரைக் கொண்டு வாதாடவும் நாட்டின் அரசியல் சட்டம் 5-ஆம் விதியில் உரிமை தருகிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதும் அதே விதிதான். நடைமுறைச் சட்டத்தில் 2007 முதல் நடப்பில் உள்ள 28A பிரிவின்படி, விசாரணையைத் தொடங்குமுன் உறவினர் ஒருவரோடும் வக்கீலோடும் தொடர்புகொள்ளலாம் என்று போலீசார் சொல்லியாக வேண்டும். வக்கீல் வந்து சேர நியாயமான அவகாசமும் தர வேண்டும். கூட்டாளிகள் தப்பிவிடுவார்கள், தடயம் அழிந்துவிடும் என்பன போன்ற காரணங்களுக்காக உயர் அதிகாரி ஒருவர் இதை மறுக்கவும் அதே பிரிவு இடம் வைத்திருக்கிறது. இந்த ஓட்டை பெரிய ஓட்டை என்பது எமது கருத்து. ஆனாலும் கேட்கிறவனுக்குத்தான் மறுக்க வேண்டியிருக்கும். கேட்காதவனுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

திருட்டுக் குற்றத்தில் முதலில் நான்கு நாள், பிறகு மூன்று நாள் வரை காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். கிராணிமாரின் 408 போன்ற பதினான்கு ஆண்டுக் குற்றத்தில் ஏழும் ஏழும். இத்தனை நாள் எதற்கு என்று கேட்க அங்கே ஒரு வாய் வேண்டாமா?

“காசு எங்கே?” என்கிறீர்கள். நியாயமான கேள்வி. தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012-இல் வேலையைத் தொடங்கியது. கைதிலும் காவல் விண்ணப்பத்திலும் குடிமக்களுக்கு அதன் வழக்கறிஞர்கள் இலவசமாக வருகிறார்கள். வழக்குக்கு வருமான வரம்பு பார்க்கிறார்கள். பக்கத்து லயத்து அயல்நாட்டுத் தோழருக்கு இந்தக் கதவு திறப்பதில்லை. அவருக்காக வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தைத்தான் நாட வேண்டும்.

காசு கொடுத்து வக்கீல் வைப்பதானால் நேராக அவர் அலுவலகத்துக்குப் போங்கள். தரகன் நடுவில் நிற்க வேண்டாம். வழக்குப் பிடித்துத் தருகிறவனுக்கு வக்கீல் பங்கு கொடுப்பது 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி ஒழுங்கீனம். அப்படிக் கொடுக்கிற வக்கீல் எப்படிப்பட்டவர் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டுக்கான தொழில் சான்று இருக்கிறதா, இந்தக் கோர்ட்டில் குற்ற வழக்கு நடத்தியிருக்கிறாரா என்று கேளுங்கள். கட்டணம் ஜாமீனுக்கு மட்டுமா, வழக்கு முடியும் வரையிலா என்று எழுதி வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். “நிச்சயம் விடுதலை” என்று சத்தியம் செய்கிறவர் கண்ணில் பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையிலேயே தவறு செய்தவருக்கும் வக்கீல் எதற்கு? அவருக்குத்தான் இன்னும் வேண்டும். குற்றச்சாட்டைக் குறைக்கவோ மீட்டுக்கொள்ளவோ அரசுத் தரப்புக்கு எழுதிக் கேட்கலாம். திருட்டு வழக்கில் முதல் முறை சிக்கியவரைத் தண்டனைப் பதிவே இல்லாமல் நன்னடத்தைப் பிணையில் விட 173A பிரிவு வழி செய்கிறது. விடுவதும் விடாததும் மாஜிஸ்திரேட்டின் விருப்பம். கேட்கத் தெரிய வேண்டும் அல்லவா?

இனி சங்கத்துக்கு வருவோம். கூலித் தகராற்றில் மண்டோரோடு வாய்ச்சண்டை. மிரட்டினார் என்று கிளைச் செயலாளர்மீது வழக்கு. சில நூறு வெள்ளி அபராதம்தானே என்று அவர் ஒப்புக்கொள்கிறார். மிரட்டல் குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்டவர் சங்கத்தில் பொறுப்பு வகிக்கக் கூடாது என்பது 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வகுத்த விதி! நிர்வாகம் பத்து ஆண்டு முயன்றும் அகற்ற முடியாத தலைவரை ஒரு தலையாட்டல் அகற்றிவிடுகிறது.

அதே சட்டம், முதலாளியோடுள்ள உறவில் எழும் உறுப்பினர் உரிமையைக் காக்க வழக்கு நடத்தவும் எதிர்வழக்காடவும் சங்க நிதியைச் செலவிட அனுமதிக்கிறது. குடித்துவிட்டு அண்ணன் தம்பி அடித்துக்கொண்ட வழக்குக்கு அல்ல. வேலையால் வந்த வழக்குக்கு. கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வசூலிக்கத் தெரிந்த நமக்கு, கிளைக்கு ஒரு வழக்கு நிதி வைப்பது பெரிய வித்தையா? அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். பிரட்டுக் களத்து அறிவிப்புப் பலகையில், அந்த வட்டாரக் கோர்ட்டில் வாதாடும் மூன்று வக்கீல்களின் அலுவலக முகவரியையும், சட்ட உதவி மையத்தின் தொலைபேசி எண்ணையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கிழித்துப் போட்டால், கிழித்தவர் யாரென்று இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள்.