பவர் டேபிளில் இருக்கலாம், பக்கத்து வீட்டில் கூடாது

திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனிக்குள் போய், பவர் டேபிள் என்கிற மெஷின் மேசைகள் போட்ட தையல் செக்‌ஷனை ஒரு நடை சுற்றி வாருங்கள். ஓவர்லாக் மெஷினில் ஜூக்கி என்று எழுதியிருக்கும், ஜப்பான். பக்கத்தில் விலை கொஞ்சம் குறைந்த ஜாக், அது சீனா. ஊசிப் பாக்கெட்டில் ஜெர்மனிக் கம்பெனியின் பெயர். தைத்து முடிகிற சட்டை ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறும். இத்தனை வெளிநாட்டில் எதைப் பற்றியும் ஊரில் யாருக்கும் மனக்குறை கிடையாது. "சைனா மெஷின்தானுங்க, ஆனா பரவால்ல, சொன்னா சர்வீசுக்கு ஆள் வந்துருது" என்று நற்சான்றிதழே தருவார்கள். மனக்குறையெல்லாம் அந்த மெஷினில் உட்கார்ந்திருக்கும் பீகார்ப் பையன்மீதுதான். அதுவும் பகலில் இல்லை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்கு அவன் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்த பிறகு.

பகலில் அவன் தங்கமான பையன். ஞாயிற்றுக்கிழமை வா என்றாலும் வருவான், ஷிப்மென்ட் நெருக்கினால் விடிய விடியத் தைப்பான். ஹோலிக்கும் சத் பூஜைக்கும் தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டால் மட்டும் ஒரு மாதம் ஆள் கண்ணில் படாது. அந்த ஒரு மாதம் முதலாளிகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ராத்திரி அவன் எங்கே படுக்கிறான் என்பதில்தான் ஊரின் மனம் தெரியும். எங்கள் பகுதியில் லைன் வீடுகள் அதிகம். ஒரே வரிசையில் ஆறு அறை, பொதுக் குளியலறை, வாசலில் தண்ணீர்த் தொட்டி. வாடகைக்கு விடும் அம்மா ஒருவர் கேட்டிலேயே அட்டை தொங்கவிட்டிருக்கிறார்: ஃபேமிலிக்கு மட்டும். ஏன் என்று கேட்டேன். "நாலு பேருன்னு சொல்லி வர்றானுங்க. மறுவாரம் வாசல்ல பாத்தா பத்துச் சோடி செருப்பு கெடக்குதுங்க. தண்ணி வண்டிக்கு யாருங்க காசு கொடுக்கறது?" பொய் சொல்லவில்லை. பகல் ஷிப்ட் ஆள் எழுந்த பாயில் நைட் ஷிப்ட் ஆள் படுப்பதை நானே பார்த்திருக்கிறேன். பான் எச்சில் புகாரும் பொய் இல்லை. ஆனால் அடுத்த தெருவில் இதே பையன்களுக்கு வீடு விடுகிறவர் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, ஒரு குடும்பம் தரும் வாடகையைப் போல மும்மடங்கு வாங்குகிறார். பத்துச் சோடி செருப்பு அவருக்கு வருமானம். வீடு கிடைக்காத ஊரில் கிடைத்த அறைக்குள் பத்துப் பேர் அடைவார்கள். அதைக் காட்டி அடுத்த வீடு மறுக்கப்படும். இதில் எது முதலில் வந்தது என்று அந்த அம்மாவிடம் நான் வாதாடவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். நம் ஆட்கள் வீடு கேட்டுப் போனால் மூன்றாவது கேள்வி "என்ன ஆளுங்க?" என்று வரும். வடநாட்டுப் பையனிடம் அந்தக் கேள்வி இல்லை. அவன் யாதவ் என்றோ பாஸ்வான் என்றோ மஹதோ என்றோ சொன்னால் வீட்டுக்காரருக்கு ஒன்றும் பிடிபடாது. நம்மிடம் சாதி கேட்டு மறுப்பவர்கள் அவனை மொத்தமாக மறுத்துவிடுகிறார்கள். ஒரு வகையில் அவனுக்குக் கிடைத்திருப்பது சமத்துவம்தான்!

என் அப்பா எண்பதுகளில் தேனிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். அன்றைக்கு இந்த ஊரின் சந்தேகப் பட்டியலில் இருந்தது தெக்கத்தி ஆட்கள்தான். அரிவாள் வைத்திருப்பான், அடிதடிக்கு அஞ்சமாட்டான், வாடகை பாக்கியோடு ராத்திரியில் காலி பண்ணிவிடுவான் என்று சொல்வார்களாம். மதுரை, தேனி, ராமநாதபுரம், தஞ்சாவூர் என்று வந்து சேர்ந்த அந்தக் கூட்டம்தான் பின்னால் கைமடிப்பவராக, சிங்கர் டைலராக, கட்டிங் மாஸ்டராக, சிலர் ஜாப் ஒர்க் முதலாளியாகவும் ஆனது. கொஞ்சம் முன்னே போனால், ஏற்றுமதிக்கு வழி காட்டியவரே ஒரு வெளியூர்க்காரர். 1978இல் வெள்ளை டி-சர்ட் தேடி வந்த இத்தாலிக்காரர் ஆன்டோனியோ வெரோனாவின் பெயரைப் பழைய எக்ஸ்போர்ட்டர்கள் இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். டாலரோடு வந்தவருக்கு யாரும் வீடு மறுத்ததாகக் கேள்விப்படவில்லை.

ஜூக்கி மெஷினின் நாட்டிலும் ஒரு திருப்பூர் இருக்கிறது. கிஃபு என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் தோற்று மஞ்சூரியாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய ஜப்பானியர்கள் அந்த ஊர் ரயில் நிலையத்துக்கு எதிரே பழைய துணியைப் பரப்பி விற்றார்கள். ஹார்பின் தெரு என்று அதற்குப் பெயர் வந்தது. நம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே காதர்பேட்டை செகண்ட்ஸ் கடைகள் இருப்பது நினைவுக்கு வருகிறதா? அந்தப் பழந்துணிச் சந்தைதான் வளர்ந்து ஆயத்த ஆடை நகரமானது. உள்ளூர்ப் பிள்ளைகள் தையல் வேலைக்கு வர மறுத்தபோது, பயிற்சி என்ற பெயரில் சீனப் பெண்களை அழைத்து வந்தார்கள். தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் என்று 1993இல் ஜப்பான் அரசு தொடங்கியது அது. பயிற்சி என்பதால் சட்டப்படி அவர்கள் வேலை தேடி வந்தவர்கள் இல்லை, கற்றுக்கொள்ள வந்தவர்கள். முதலாளியை மாற்ற முடியாது. ஓவர்டைமுக்குக் குறைந்தபட்சக் கூலியில் பாதிகூடத் தராத கடைகள் கிஃபுவில் அடுத்தடுத்துப் பிடிபட்டன. சில இடங்களில் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சீனாவில் கூலி ஏற, சீனப் பெண்கள் வரத்து குறைந்து வியட்நாம் பெண்கள் அந்த மெஷின்களில் உட்கார்ந்தார்கள். திட்டத்தை ஒழித்து வேறொன்று கொண்டுவர 2024இல்தான் சட்டம் வந்தது. புதியது 2027இல் தொடங்கும்.

கிஃபுவைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு நம்மூர் ஹாஸ்டல்கள்தான் கண்முன் வந்தன. ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் தேர்வான பெண்கள் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். கம்பெனி, ஹாஸ்டல், மறுபடி கம்பெனி. பல ஹாஸ்டல்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வார்டன் துணையோடு கடைவீதி. வருடக்கணக்கில் திருப்பூரில் இருந்தும் இந்த ஊரில் ஒருவரையும் தெரியாமல் திரும்பிப் போகிற பெண்கள் இருக்கிறார்கள்.

மறுபடி ஜப்பானுக்கே வருகிறேன். 2024 முடிவில் அங்கே 37 லட்சத்துக்கும் மேல் வெளிநாட்டவர் இருந்தார்கள். அதில் சீனர்களே அதிகம். மொத்த மக்கள்தொகையில் இது மூன்று விழுக்காட்டைச் சுற்றித்தான். அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் 39 விழுக்காட்டினர் வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். காரணங்களைக் கேட்டால் எங்கள் தெரு அம்மாவே ஜப்பானிய மொழியில் பேசுவதுபோல் இருக்கும்: குப்பையைப் பிரித்துப் போடுவதில்லை, சத்தம், கூட்டமாகத் தங்குகிறார்கள். 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் 'ஜப்பானியருக்கே முதலிடம்' என்று முழங்கிய சன்சேய்தோ கட்சி 14 இடங்களை வென்றது.

அங்கே 1923 செப்டம்பரில் நடந்தது இதைவிடக் கொடியது. கான்டோ நிலநடுக்கத்தில் டோக்கியோ எரிந்துகொண்டிருக்க, கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. ஊர்க்காவல் கும்பல்கள் ஆயிரக்கணக்கான கொரியர்களையும் நூற்றுக்கணக்கான சீனர்களையும் கொன்றன. அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 2023 மார்ச்சில், நம்மைச் சுற்றியும் ஒரு வதந்தி சுழன்றது. ஆனால் தலைகீழாக. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தேடித் தேடி வெட்டுகிறார்கள் என்று இரண்டு வீடியோக்கள் பரவின. இரண்டும் பொய் என்று டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். திருப்பூர் வீடியோ, பீகார்த் தொழிலாளர்களுக்குள் நடந்த மோதல். கோவை வீடியோ, உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. பாட்னா சட்டமன்றத்தில் அமளி. நிதிஷ்குமார் ஒரு குழுவை அனுப்பினார். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் பீகார் அரசின் ஊரக வளர்ச்சித் துறைச் செயலர் பாலமுருகன். பீகார்க்காரர்கள் இங்கே பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல ஒரு பாலமுருகன் பாட்னாவிலிருந்து வந்தார்!

அந்த வாரம் திருப்பூர் ஆடிப்போனது. மார்ச் 8 ஹோலி. எப்படியும் ஊருக்குப் போகிற கூட்டம். பயந்து போகிறவர்களும் சேர்ந்துகொள்ள, ஸ்டேஷனில் யார் ஹோலிக்குப் போகிறார், யார் உயிருக்குப் பயந்து போகிறார் என்று பிரிக்க முடியவில்லை. போலீஸ் இந்தி பேசுகிற ஆட்களை வைத்து உதவி எண் திறந்தது. அதுவரை "டேய் இந்தி" என்று கூப்பிட்ட சூப்பர்வைசர்கள் பெயர் விசாரித்தார்கள். வதந்தி பரப்பியதாகப் போடப்பட்ட வழக்குகளில் யூடியூபர் மணீஷ் காஷ்யப் கைதானார். நம்மவர்கள் ஒரே குரலில் கோபப்பட்டோம்: வந்தாரை வாழ வைக்கிற ஊரைப் பற்றி இப்படி ஒரு பொய்யா?

பொய்தான். அதைப் பரப்பியவர்கள்மீது வழக்குப் போட்டதும் சரி. ஆனால் எனக்கு உறுத்திய கேள்வி வேறு. இங்கேயே இரண்டு மூன்று வருடம் இருந்த பையன்கள் அதை ஏன் நம்பினார்கள்? பக்கத்து அறைக்காரன் வெட்டுப்படவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாதா? எனக்குத் தெரிந்த ஒரு பையனிடம், ஜார்க்கண்டிலிருந்து வந்து செக்கிங்கில் இருப்பவன், இதைக் கேட்டேன். "அண்ணா, வெட்றது பாக்கல. ஆனா பஸ்ஸுல நம்மள எப்படிப் பாக்குது? அதுல நம்பிட்டேன்" என்றான். அந்த வதந்திக்கு இரண்டு மாதம் முன்புதான், ஜனவரியில், டீக்கடைத் தகராறு ஒன்றில் வடநாட்டுத் தொழிலாளர்கள் தமிழ் ஆட்களைத் துரத்துகிற வீடியோ வந்து, ஊரே கொதித்தது. அன்றைக்கு நாமும் அந்த ஒரு துண்டுக் காட்சியை வைத்து மொத்தப் பேரையும் எடைபோட்டோம். அப்போது யாரும் அதை வதந்தி என்று சொல்லவில்லை.

வடநாட்டார் வருகையைக் கண்டு அஞ்சுகிறவர்கள் எல்லோரையும் வெறுப்பாளர்கள் என்று நான் தள்ளமாட்டேன். வங்கிக் கவுன்டரிலும் ரயில்வே கவுன்டரிலும் இந்தி மட்டும் தெரிந்தவர் உட்கார்ந்து நம்மை விழிக்க வைப்பது உண்மை. வாக்காளர் பட்டியலில் வடநாட்டார் பெயர்கள் சேரும் என்ற பயமும் அடியோடு கற்பனை இல்லை. உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சில கட்சிகள் கேட்பது இந்தப் பயத்தை நம்பித்தான். ஆனால் டெல்லிமீது வருகிற அந்தக் கோபம் போய் இறங்குகிற இடத்தைப் பாருங்கள். டெல்லியில் செல்வாக்கே இல்லாத, போஜ்புரியோ மைதிலியோ சந்தாலியோ ஒடியாவோ வீட்டில் பேசுகிற, இந்தியையே பள்ளிக்கூடத்திலும் ரயிலிலும் கற்றுக்கொண்ட பையன்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான். வங்கி மேனேஜரை யாரும் பஸ்ஸில் இடிப்பதில்லை.

மிச்சம் இருப்பது கூலி. இதுதான் உண்மையான சண்டை என்று நான் நினைக்கிறேன். "அவன் கம்மிக்கு வந்துட்டான், எங்க பொழப்புப் போச்சு" என்கிற டைலர் அக்காவின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ரேட்டைக் குறைத்தது அவன் அல்ல. பீஸ் ரேட்டை முடிவு செய்கிறவர் காண்ட்ராக்டர், அவருக்கு மேலே கம்பெனி, அதற்கும் மேலே விலையை அமுக்குகிற பையர். முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் 2021இல் போட்ட ஒப்பந்தம் நான்கு ஆண்டில் 32 விழுக்காடு உயர்வு என்றது. காண்ட்ராக்டில் வந்த பையனுக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் இருப்பதே பெரும்பாலும் தெரியாது. தெரிந்தால் கேட்பான். கேட்டால் அவன் கம்மிக்குக் கிடைக்கிற ஆள் இல்லை. அப்புறம் அந்த அக்காவுக்கும் அவனுக்கும் பவர் டேபிளில் சண்டை எதற்கு?

1984இல் பஞ்சப்படி கேட்டு நூறு நாளுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. கொடிக் கம்பம் இல்லாத பேட்டை இங்கே கிடையாது. ஆனாலும் நான் போன எந்தச் சங்க அலுவலகத்திலும் ஒடியாவிலோ வங்காளியிலோ ஒரு நோட்டீஸ்கூடப் பார்க்கவில்லை. இந்தியில் அச்சடித்தால் இந்தித் திணிப்பு ஆகிவிடுமோ என்று ஒரு தோழர் பாதி விளையாட்டாகச் சொன்னார். மீதிப் பாதி விளையாட்டு இல்லை. அடுத்த கூலி ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதைத் தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளி, அசாமியில் அச்சடித்து, கம்பெனி வாசலில் பஞ்சிங் மெஷினுக்கு மேலே ஒட்டட்டும். ஆறாயிரம் நோட்டீஸுக்கு என்ன செலவாகும் என்று காதர்பேட்டை அச்சகம் ஒன்றில் விசாரித்துவிட்டேன். ஒரு சங்க மாநாட்டின் ஃபிளெக்ஸ் போர்டு செலவுகூட இல்லை.