அனுமதிச் சீட்டு சலுகையா, உரிமையா?

கொள்ளைநோய் ஊருக்குள் நுழையும்போது கதவை அடைப்பது அறிவுடைமை. அதனை மறுப்பார் எவருமிலர். ஆனால், அடைத்த கதவின் திறவுகோல் எவர் கையில் இருக்க வேண்டும், எந்தச் சட்டத்தின்படி அது திருப்பப்பட வேண்டும் என்ற வினாவுக்கு இந்நாட்டிலே அன்று விடை கிடைக்கவில்லை. 2020 ஆம், 2021 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் ஒரு கொத்து அரிசி வாங்கவும், நோயாளிக்கு ஒரு குளிகை வாங்கவும், தோட்டத்துக் கத்தரிக்காயைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும் பட்ட பாட்டை மறந்துவிடுவது எளிது. தொற்றுத் தணிந்தது, கடைகள் திறந்தன, முகக்கவசத்தைக் கழற்றி வைத்தோம். ஆயின், அந்நாட்களில் வெளிப்பட்ட குறைகள் தாமாகத் தீர்ந்துவிட மாட்டா. அடுத்த நோய் வருமுன் அவற்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நமது வாதம்.

நடந்தது என்ன?

2020 மார்ச் 20 ஆந் திகதி மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அதற்கு ஐந்து நாள் முன்னர், சுவிற்சலாந்திலிருந்து வந்த போதகர் ஒருவர் அரியாலையில் நடத்திய ஆராதனையைத் தொடர்ந்து, நோய் யாழ்ப்பாணத்தை எட்டியது. மார்ச் 22 இல் மாவட்டத்தின் முதல் நோயாளர் இனங்காணப்பட்டார்; தாவடிக் கிராமம் தனிமைப்படுத்தப்பட்டது. மார்ச் 24 இல் சில மணி நேரம் ஊரடங்கு தளர்ந்தபோது, மறுபடி எப்போது கதவு திறக்கும் என்று அறியாத மக்கள் கடைத்தெருக்களில் திரண்டனர். நோய்க்கு அஞ்சி அடைத்த மக்களை நோய்க்கு ஏற்ற நெருக்கத்திலே கூட்டியது அந்தச் சில மணி நேரம். பின்னர், அபாயமுள்ள மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்ட யாழ்ப்பாணம், ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை அடைபட்டுக் கிடந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மருதனார்மடம் சந்தையில் தொற்றுக் கண்டறியப்பட்டு உடுவில் பகுதி முடக்கப்பட்டது. 2021 மே 21 இலிருந்து ஜூன் 21 வரை பயணக் கட்டுப்பாடு; ஓகஸ்ட் 20 இலிருந்து ஒக்டோபர் 1 வரை தனிமைப்படுத்தல் ஊரடங்கு.

இக்குடாநாட்டு மக்களுக்கு அடைபட்டு வாழ்தல் புதிதன்று. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் மின்கலமும் வடக்கே வரத் தடைசெய்யப்பட்டன. பழைய ஜாம் போத்தலிலே திரியிட்டு, சில துளி மண்ணெண்ணெயில் பிள்ளைகளைப் படிப்பித்த தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. 2006 ஓகஸ்ட் மாதத்தில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது அரிசிக்கும் மாவுக்கும் சீனிக்கும் சங்கக்கடை வாசலில் வரிசை நின்றோம். இத்தகைய பழக்கமுள்ள மக்கள் 2020 இலும் அடங்கியே இருந்தனர். அந்த அடக்கத்தைச் சம்மதமெனக் கொள்வது பிழை. முன்னைய தடைகள் போரின் பெயரால் வந்தவை. இதுவோ மக்களின் உயிரைக் காக்க வந்தது. காக்க வந்த கட்டுப்பாடு ஆதலாலேயே, அது மக்களுக்கு விளங்கும் விதிகளோடு வந்திருக்க வேண்டும்.

விதைக்கலாம், விற்கலாகாது!

ஊரடங்கு வேளையிலும் கமத்தொழிலும் மீன்பிடியும் நடைபெறலாம் என அரசாங்கம் அறிவித்தது. நல்ல அறிவிப்பே. ஆனால், கமம் என்பது தோட்டத்து வேலியோடு முடிந்துவிடும் தொழிலன்று. பசளை வாங்கக் கடை திறந்திருக்க வேண்டும். நீரிறைக்கும் யந்திரத்துக்கு மண்ணெண்ணெய் வேண்டும். வெட்டிய வாழைக்குலைக்கும் ஆய்ந்த கத்தரிக்காய்க்கும் சந்தை வேண்டும். சந்தையிலிருந்து தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போக லொறி வேண்டும். இவற்றுள் ஒன்று தடைப்பட்டாலும் யாவும் தடைப்பட்டதாகும். சந்தையை மூடிவிட்டுக் கமத்தைச் செய் என்பது அடுப்பை அணைத்துவிட்டு உலை வை என்பதற்கு ஒப்பானது. வெண்டிக்காய் இரண்டு நாள் பிந்தினால் முற்றிவிடும். வெட்டிய குலை பழுத்தே தீரும். நீர்வேலி வாழைத் தோட்டமும் வலிகாமத்துச் செம்மண்ணும் ஊரடங்கு தளரும் நாளை எதிர்பார்த்து விளைவதில்லை. விளைவித்தவருக்கு விலை இல்லை. வாங்க விரும்பியவருக்குப் பொருள் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது சில மைல் தூரமும் ஓர் அனுமதிச் சீட்டுமே.

இங்கே உத்தியோகத்தருக்கும் கமக்காரருக்கும் இடையில் இருந்த வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். வைத்தியரும், வங்கி ஊழியரும், திணைக்கள அலுவலரும் தத்தம் தொழில் அடையாள அட்டையைக் காட்டிச் சாவடியைக் கடந்தனர். கமக்காரரிடம் அத்தகைய அட்டை ஏது? கையிலே மண்வெட்டியும், சைக்கிளின் பின்னே கட்டிய மரக்கறி மூட்டையுமே அவருடைய சான்று. அதனை ஏற்பதும் மறுப்பதும் அன்று அவ்விடத்தில் நின்றவரின் மனப்போக்கைப் பொறுத்ததாயிற்று. கூலித்தொழிலாளியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 2020 ஏப்ரலிலும் மேயிலும் வறிய குடும்பங்களுக்கு 5,000 ரூபா வழங்கப்பட்டது. நாட்கூலி நின்றுபோன வீட்டில் அது எத்தனை நாளைக்குக் காணும் என்பதை வாசகரே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

2021 மே மாதத்தில் அடையாள அட்டையின் இறுதி இலக்கத்தைப் பார்த்து வெளியே விடும் முறை வந்தது. ஒற்றை எண்ணுக்கு ஒரு நாள், இரட்டை எண்ணுக்கு ஒரு நாள் என்பது காகிதத்தில் நேர்த்தியான கணக்கு. போரிலே கணவரை இழந்து தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் பல்லாயிரவர் வாழும் வடக்கிலே, வீட்டில் வளர்ந்தவர் ஒருவரே என்றால் அவருடைய எண் வராத நாளில் பிள்ளையின் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போவது யார்? எண்ணைப் பார்த்த விதி குடும்பத்தைப் பார்க்கவில்லை.

நன்மையானவற்றையும் கூறுதல் நேர்மை. மாதாந்தம் கிளினிக் செல்லும் நோயாளருக்கு மருந்தைத் தபால் மூலம் வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாடு 2020 இல் செய்யப்பட்டது. மரக்கறியும் மளிகைப் பொருளும் வாகனங்களில் வீதி வீதியாக விற்க அனுமதிக்கப்பட்டன. இவை எதனைக் காட்டுகின்றன? மனிதரை வீட்டில் இருத்திப் பொருளை நடமாட விடும் வழி இருந்தது என்பதையே. அவ்வழி முறையான சட்டமாக அமையாமல் அவ்வப்போது வழங்கிய சலுகையாக நின்றுவிட்டதே குறை.

சட்டம் எங்கே?

ஊரடங்கு விதிக்கும் அதிகாரம் 1947 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவில் உள்ளது. அப்பிரிவின்படி ஜனாதிபதி தமது கட்டளையை வர்த்தமானியில் பிரசுரித்தல் வேண்டும். எழுத்திலான அனுமதி பெற்றவர் வெளியே செல்லலாம் என்பதும் அப்பிரிவிலேயே அடங்கியுள்ளது. அதாவது, தடை எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ, தடையைக் கடக்கும் வழியும் அதே சட்டத்தில் இருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கோ ஊடக அறிவித்தலாக வந்தது. வர்த்தமானிக் கட்டளை எங்கே என்ற வினாவைச் சட்டத்தரணிகள் பலரும் அப்போதே எழுப்பினர், திரு. ம. ஆ. சுமந்திரன் அவர்களும் பகிரங்கமாகக் கேட்டார். விடை வரவில்லை, கைதுகள் மட்டும் தொடர்ந்தன. 2020 ஜூன் தொடக்கத்துக்குள் ஊரடங்கை மீறியதாக நாடு முழுவதும் கைதானோர் தொகை 60,000 ஐத் தாண்டியது.

உயிர் போகும் வேளையில் வர்த்தமானியைத் தேடுவதா என்று சிலர் நம்மைக் கேட்பர். கேட்கத்தக்க கேள்வியே. ஆயின், கொவிட் நோயைத் தனிமைப்படுத்தற் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரும் ஒழுங்குவிதி அதே மார்ச் மாதத்தில் வர்த்தமானியில் வெளியாயிற்று. ஆகவே அச்சகம் ஓய்ந்திருந்தது என்று எவரும் சாதிக்க முடியாது. முகக்கவசம், ஒரு மீற்றர் இடைவெளி ஆகியவற்றைக் கட்டாயமாக்கிய விதிகளோ 2020 ஒக்டோபர் 15 இலேதான் வந்தன. ஏழு மாதம் கழித்து எழுதப்பட்ட விதி, முதல் ஏழு மாதம் நீதவான் முன் நின்றவனுக்கு என்ன பயன் தந்தது?

அந்தத் தனிமைப்படுத்தற் சட்டமும் 1897 ஆம் ஆண்டினது. பம்பாயில் பிளேக் பரவிய மறு ஆண்டில் இந்தியாவிலும் இலங்கையிலும் வெள்ளையர் ஆட்சி இயற்றிய சட்டங்கள் இவை. குடிமக்களின் வாக்குரிமையையே அறியாத காலத்துச் சட்டத்தைக் கொண்டு இருபத்தோராம் நூற்றாண்டின் நோயை எதிர்கொண்டோம். பிரித்தானியாவோ 2020 மார்ச் 25 இல் புதிய சட்டமொன்றை நிறைவேற்றியது; ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாராளுமன்ற மீளாய்வையும், இரண்டு ஆண்டுக் கால எல்லையையும் அதிலே சேர்த்தது. இங்கே மார்ச் 2 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டிருந்தது. தேர்தல் ஓகஸ்ட் 5 வரை பிற்போடப்பட்ட காலம் முழுவதும் அது மீளக் கூட்டப்படவில்லை. கேள்வி கேட்கும் மன்றம் மூடியிருந்த வேளையில், ஒவ்வொரு சோதனைச் சாவடியும் ஒரு சட்டசபையாயிற்று!

எவர் கையில் திறவுகோல்?

மத்தியில் பாராளுமன்றம் இல்லாத நிலைமை இதுவாயின், மாகாணத்தின் நிலைமை என்ன? வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. நோய் பரவிய காலம் முழுவதும் அச்சபை வெறுமையாகவே கிடந்தது. சுகாதாரம், கூட்டுறவு, மாகாணத்துக்குள் உணவு வழங்கல் ஆகியவை பதின்மூன்றாவது திருத்தத்தின் மாகாணப் பட்டியலில் உள்ள விடயங்கள். எந்தச் சந்தை திறப்பது, எந்த ஊருக்கு எத்தனை மூட்டை அரிசி அனுப்புவது என்பவற்றை ஆராயவே ஏற்பட்ட சபை, அவற்றை ஆராய வேண்டிய வேளையில் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் எவர்? கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு நிலையம் இராணுவத் தளபதியின் தலைமையில் இயங்கியது. 2021 ஜனவரியில் 25 மாவட்டங்களுக்கும் இராணுவ அதிகாரிகள் இணைப்பாளர்களாக நியமிக்கப்பட்டனர். வைத்தியமும் விநியோகமும் குடிசார் நிர்வாகத்தின் பணிகள். போரின் தழும்பு மாறாத இம்மண்ணிலே, மருந்துக்கும் மரக்கறிக்கும் இராணுவத்தின் முகத்தைப் பார்க்கச் செய்தமை எத்துணை நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும் நல்லாட்சி ஆகாது.

அயலே பார்ப்போம். கேரளத்தில் 2020 மார்ச் மாதத்திலேயே உள்ளூராட்சி மன்றங்களும் குடும்பஸ்ரீ மகளிர் அமைப்பும் சமூகச் சமையற்கூடங்களை ஊர் தோறும் திறந்தன. தமிழ்நாட்டிலோ கோயம்பேடு என்னும் ஒரே பெருஞ்சந்தையில் கூட்டம் குவிய, அங்கிருந்து நோய் பல மாவட்டங்களுக்கும் பரவியது. 2020 மே மாதம் அதனை மூடித் திருமழிசைக்கு மாற்ற நேர்ந்தது. காய்கறிச் சந்தைகளை விசாலமான பேருந்து நிலையங்களுக்குப் பிரித்து மாற்றிய ஊர்களும் அங்கே உண்டு. மருதனார்மடம் நமக்குப் புகட்டிய பாடமும் கோயம்பேட்டின் பாடமே. கூட்டத்தைக் குறைக்கச் சந்தையை மூட வேண்டியதில்லை. ஒன்றைப் பத்தாகப் பிரித்தால் போதும். பாடசாலை மைதானமும் கோயில் வீதியும் இல்லாத ஊர் குடாநாட்டில் உண்டா? எந்த மைதானம் ஏற்றது என்பதைக் கொழும்பு அறியாது. பிரதேச சபை உறுப்பினர் அறிவார்.

விநியோகத்துக்கும் நாம் புதிதாக எதனையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கூட்டுறவு இம்மண்ணிலே வேரூன்றிய மரம். கூட்டுறவாலேயே மருத்துவமனை நடத்தலாம் என்று மூளாய் மக்கள் 1930 களிலேயே காட்டினர். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் 1957 முதல் ஊர் தோறும் கிளை பரப்பின. சங்கக்கடையின் பதிவேட்டிலே எந்த வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கு இருந்த காலமும் உண்டு. அந்தக் கணக்கு இருக்குமாயின், வெளியே வர மக்கள் சீட்டுக் கேட்டு நிற்க வேண்டியதில்லை. பொருள் அவர்களைத் தேடிச் செல்லும். ஒரே விதி யாவருக்கும் எழுதி வைக்கப்பட்டால் எவர் தயவும் வேண்டியதில்லை என்பதற்கு 2022 இல் வந்த எரிபொருள் அட்டையே சான்று. அளவு சிறிதாயினும், வாகன இலக்கத்துக்கு இத்தனை லீற்றர் என்பது வாரந்தோறும் யாவரும் அறிந்த உரிமையாயிற்று.

நாம் வேண்டுவன

முதலாவது, கொள்ளைநோய்க் காலக் கட்டுப்பாடுகளுக்கெனப் புதிய சட்டம் வேண்டும். கட்டளை வர்த்தமானியில் வெளியாதல், குறித்த காலத்துள் பாராளுமன்ற அங்கீகாரம் பெறுதல், தானாகக் காலாவதியாதல் ஆகிய மூன்றும் அதில் இடம்பெறல் வேண்டும். இரண்டாவது, அனுமதி பெறத் தகுதியுடையோர் யார், வழங்குபவர் யார், மறுத்தால் எவரிடம் முறையிடுவது என்பன தமிழிலே அச்சிடப்பட்டு ஒவ்வொரு கிராம அலுவலர் பணிமனையிலும் தொங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார் என்றால், ஓர் ஊரடங்கு விதியைத் தமிழில் விளக்க இயலாதா? மூன்றாவது, கமக்காரருக்கும் மீனவருக்கும் பதிவு செய்த தொழில் அட்டை வழங்கப்பட்டு, அது உத்தியோகத்தரின் அட்டைக்குச் சமமாக மதிக்கப்படல் வேண்டும். நான்காவது, சந்தையைப் பிரிப்பதும் திறப்பதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையுடன் மாகாண, பிரதேச சபைகளின் பொறுப்பாதல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் நாட்டைப் பிளக்கும் கோரிக்கையன்று. காலியிலும் குருநாகலிலும் உள்ள கமக்காரருக்கும் இவை வேண்டியனவே. ஆனால், தேவையை அதிகம் உணர்ந்தவர் நாம் ஆதலால், முதற்குரல் இங்கிருந்தே எழ வேண்டும். கமக்காரர் சங்கங்கள் இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றட்டும். சட்டத்தரணிகள் வரைவை எழுதித் தரட்டும். வைத்தியர்கள் அதனைத் திருத்தட்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் மக்கள் அதனை நீட்டட்டும். வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னது குளத்துக்கு மட்டுமன்று. மீண்டும் ஒரு நாள் கதவடைக்க நேருமாயின், அன்று நம் கமக்காரர் சாவடியிலே கைகட்டி நின்று சீட்டு இரத்தலாகாது. சட்டம் தந்த அட்டையைக் காட்டி, நிமிர்ந்து சந்தைக்குச் செல்லல் வேண்டும்.