இஞ்ச் டேப்பால் அளக்க முடியாதது!

குட்டீஸ், ஐ.பி.எல். ஏலம் பார்த்திருப்பீர்கள். யார் அதிக விலை சொல்கிறாரோ, அவருக்கே ஆட்டக்காரர். அமெரிக்கக் கூடைப்பந்தில் புது வீரர்களை எடுப்பதற்கு ஏலம் கிடையாது. வரிசைதான்!

அந்த நாட்டின் மிகப் பெரிய தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டிக்கு என்.பி.ஏ. என்று பெயர். அதில் 30 அணிகள் ஆடுகின்றன. ஆண்டுக்கொரு முறை, வழக்கமாக ஜூன் மாதத்தில், இந்த அணிகள் வரிசையாக வந்து புது வீரர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். இதை 'டிராஃப்ட்' என்கிறார்கள். போன பருவத்தில் அதிகம் தோற்ற அணிகளுக்கே முன்வரிசையில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். தோற்ற அணியும் எழுந்து நிற்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான் காரணம்.

மொத்தம் இரண்டு சுற்று. அதிகபட்சம் 60 பேர். ஆனால் முதல் தரப் பிரிவில் மட்டும் 350-க்கும் அதிகமான கல்லூரி அணிகள் இருக்கின்றன. அணிக்குப் பன்னிரண்டு பேர் என்று வைத்தாலும் கணக்கு நாலாயிரத்தைத் தாண்டுகிறது. வெளிநாட்டு வீரர்களும் போட்டிக்கு வருவார்கள். அறுபது இடத்துக்கு எத்தனை பேர் பார்த்தீர்களா?

இத்தனை பேரில் யார் நாளைக்குப் பெரிய ஆட்டக்காரராக வருவார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோடிக்கணக்கான டாலர் செலவழிக்கும் அணிகளுக்கே இது பெரிய தலைவலி. அவர்கள் படும் பாட்டில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது என்பது என் கருத்து. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

தலை முதல் கால் வரை அளவு!

ஒவ்வோர் அணியிலும் ஆள் தேடுவதற்கென்றே சிலர் இருப்பார்கள். இவர்களை 'ஸ்கவுட்' என்பார்கள். நம் பள்ளியில் இருக்கும் சாரணர் படை இல்லை; இது வேறு! இவர்கள் வருடம் முழுக்கக் கல்லூரி கல்லூரியாகப் போய் ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பு எடுப்பார்கள்.

பிறகு மே மாதத்தில் சிகாகோ நகரத்தில் ஒரு தேர்வு முகாம் நடக்கும். அங்கே ஷூவைக் கழற்றச் சொல்லி உயரம் பார்ப்பார்கள். எடை பார்ப்பார்கள். நின்ற இடத்தில் இருந்து எவ்வளவு உயரம் குதிக்கிறார், எவ்வளவு வேகமாக ஓடுகிறார் என்று பார்ப்பார்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, ஒரு விரல் நுனியில் இருந்து மறு விரல் நுனி வரை அளப்பார்கள்.

நம்மில் பலருக்கு இந்தக் கை அளவு, உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். அம்மாவின் இஞ்ச் டேப்பை எடுத்து அளந்து பாருங்களேன்! ஆனால் என்.பி.ஏ. வீரர்களில் பலருக்கு உயரத்தைவிடக் கை அளவு சில அங்குலம் கூடுதல். வளையம் இருப்பது 10 அடி உயரத்தில். அதனால் நீண்ட கைக்கு அங்கே தனி மதிப்பு.

இதிலெல்லாம் தப்பே இல்லை. உயரமும் வேகமும் கூடைப்பந்துக்குத் தேவைதான். அளவை வைத்துக்கொண்டு ஆளையே எடைபோட்டு முடித்துவிடும்போதுதான் சிக்கல் வருகிறது.

84 கிலோ தூக்காத கை

2007-ம் ஆண்டு கெவின் டுரான்ட் என்ற இளைஞர் இப்படியொரு முகாமுக்கு வந்தார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு ஆடியவர். ஆட்டத்துக்குச் சராசரியாக 25.8 புள்ளி எடுத்தவர். முகாமில் 84 கிலோ எடையைப் படுத்தபடி தூக்கச் சொன்னார்கள். எத்தனை தடவை முடிகிறது என்று எண்ணுவது அன்றைய வழக்கம். டுரான்டால் ஒரு தடவைகூட முடியவில்லை!

இவ்வளவு ஒல்லியான பையன் பெரியவர்களோடு மோதித் தாங்குவானா என்று பேச்சு கிளம்பியது. அந்த வருடம் அவர் இரண்டாவதாக எடுக்கப்பட்டார். ஆடத் தொடங்கிய முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கினார். 2014-ல் ஆண்டின் மிகச் சிறந்த வீரர் ஆனார். பிறகு இரண்டு முறை சாம்பியன் அணியிலும் இருந்தார். எடை தூக்கும் சோதனை பொய் சொல்லவில்லை. அவரால் தூக்க முடியவில்லை என்பது உண்மை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுவா? பந்து 84 கிலோ எடையா இருக்கிறது?

ஆறு பேருக்குப் பின்னால் வந்தவர்

அடுத்தவர் ஸ்டீஃபன் கரி. வட கரோலினா மாநிலத்தில் டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரியில் படித்தவர். பெரிய கல்லூரிகள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. 2008-ல் நடந்த தேசியப் போட்டியில் அந்தச் சின்னக் கல்லூரியைக் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாகக் கொண்டுபோய் நிறுத்தினார். அடுத்த பருவத்தில் நாட்டிலேயே அதிகச் சராசரி எடுத்தவர் அவர்தான்: ஆட்டத்துக்கு 28.6 புள்ளி.

அப்படியும் சந்தேகம் தீரவில்லை. உடம்பு ஒல்லி, உயரம் போதாது என்றார்கள். 2009 டிராஃப்டில் அவருக்கு முன்னால் ஆறு பேர் அழைக்கப்பட்டார்கள். மினசோட்டா அணிக்கு ஐந்தாவது, ஆறாவது என்று அடுத்தடுத்து இரண்டு வாய்ப்பு இருந்தது. இரண்டிலும் கரி ஆடும் அதே இடத்துக்கான வேறு ஆட்டக்காரர்களையே எடுத்தது! ஏழாவதாகக் கரியை எடுத்த கோல்டன் ஸ்டேட் அணி, அவரோடு சேர்ந்து நான்கு முறை கோப்பை வாங்கியது. என்.பி.ஏ. வரலாற்றில் மூன்று புள்ளிக் கூடைகளை அதிகம் போட்டவர் என்ற பெயரை 2021-ல் கரி பெற்றார்.

பழைய கதை ஒன்றும் உண்டு. 1984-ல் போர்ட்லாந்து அணிக்கு இரண்டாவது வாய்ப்பு. உயரமான ஆள் வேண்டும் என்று ஏழடிக்கு மேல் வளர்ந்த சாம் போவியை எடுத்தார்கள். கல்லூரியிலேயே கால் எலும்பு முறிந்து இரண்டு பருவம் ஆடாமல் இருந்தவர் அவர். என்.பி.ஏ.விலும் கால் காயம் விடவில்லை. மூன்றாவதாக சிகாகோ எடுத்தவர் யார் தெரியுமா? மைக்கேல் ஜோர்டன்!

நல்ல கண் எதைப் பார்க்கும்?

அப்படியானால் யாராலும் கணிக்க முடியாதா? சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்துவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது! சரியாகக் கணித்த கதைகளும் நிறைய இருக்கின்றன. வேக் ஃபாரஸ்ட் கல்லூரியில் நான்கு ஆண்டு ஆடிய டிம் டங்கனை 1997-ல் முதலாவதாக எடுத்தார்கள். சான் அன்டோனியோ அணிக்கு அவர் ஐந்து கோப்பை வாங்கித் தந்தார். மொத்தத்தில் பார்த்தால், முன்னால் எடுக்கப்பட்டவர்கள் பின்னால் எடுக்கப்பட்டவர்களைவிட அதிகம் ஜெயித்திருக்கிறார்கள். ஆகவே கணிப்பு வீண் இல்லை. எதைப் பார்த்துக் கணிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். ஒருவர் நாளைக்குத் தூரத்தில் இருந்து நன்றாகப் பந்து எறிவாரா என்று தெரிய வேண்டும். கல்லூரியில் அவர் போட்ட மூன்று புள்ளிக் கூடைகளை எண்ணினால் போதும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஒரு பருவத்தில் ஒருவர் அப்படி எறிவது நூறு, இருநூறு தடவைதான். அதிர்ஷ்டத்தில் சில உள்ளே விழலாம். கல்லூரிக் கோடு வளையத்தில் இருந்து சுமார் 22 அடி. என்.பி.ஏ.வில் அது 23 அடி 9 அங்குலம்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் 'ஃப்ரீ த்ரோ'வையும் பார்ப்பார்கள். எதிரணி தவறு செய்யும்போது யாரும் தடுக்காமல் தனியாக நின்று எறிவதுதான் ஃப்ரீ த்ரோ. கல்லூரியிலும் என்.பி.ஏ.விலும் ஒரே தூரம், 15 அடி. அங்கே பத்துக்கு எட்டு, ஒன்பது போடுகிறவரின் கை பழகிய கை. அவர் பின்னாளில் தூரத்தில் இருந்தும் நன்றாக எறிய வாய்ப்பு அதிகம். பரபரப்பே இல்லாத, கைதட்டல் குறைவான ஒரு வேலையில் எவ்வளவு அக்கறை காட்டுகிறார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்!

வயதையும் பார்ப்பார்கள். 19 வயதுப் பையனும் 22 வயதுக்காரரும் ஒரே அளவு புள்ளி எடுத்தால், சின்னவருக்கு இன்னும் வளர இடம் உண்டு என்பது கணக்கு. நியாயமான கணக்குதான். ஆனால் அதுவும் சில நேரம் கண்ணை மறைக்கும். ஜேலன் பிரன்சன் வில்லனோவா கல்லூரியில் மூன்று ஆண்டு ஆடி, இரண்டு முறை தேசியச் சாம்பியன் அணியில் இருந்தவர். 2018 டிராஃப்டில் 32 பேர் போன பிறகே அவர் பெயரை அழைத்தார்கள். நியூயார்க் அணிக்கு மாறிய பிறகு, 2023-24 பருவத்தில் அவர் எடுத்த சராசரி 28.7 புள்ளி!

மிச்சிகன் ஸ்டேட் கல்லூரியின் டிரேமண்ட் கிரீன் இன்னொருவர். பெரிய ஆட்களின் இடத்துக்கு உயரம் போதாது. சின்ன ஆட்களின் இடத்துக்கு வேகம் போதாது என்றார்கள். 2012-ல் 35-வது இடம்தான் கிடைத்தது. 2017-ல் அவர்தான் என்.பி.ஏ.வின் சிறந்த தடுப்பாட்டக்காரர். யார் எங்கே ஓடப்போகிறார் என்பதை முன்கூட்டியே படிக்கும் மூளையை எந்த இஞ்ச் டேப் அளக்கும், சொல்லுங்கள்?

பெயரே அழைக்கப்படாதவரும் உண்டு. பென் வாலஸ் வர்ஜீனியா யூனியன் என்ற சின்னப் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 1996 டிராஃப்டில் இரண்டு சுற்றும் முடிந்தது. அவரை யாரும் எடுக்கவில்லை. தானாக வாய்ப்புத் தேடிப் போனார். சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்கு முறை வாங்கினார். 2004-ல் டெட்ராய்ட் அணியோடு கோப்பை வென்றார். 2021-ல் கூடைப்பந்துப் புகழரங்கிலேயே இடம் கொடுத்தார்கள்.

முதல் இடம் வாங்கியவரின் பாடு

கடைசி இடக்காரர்களின் கதையை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். முதல் இடக்காரர்களையும் நினைக்க வேண்டும்.

2007-ல் டுரான்டுக்கு முன்னால், முதலாவதாக எடுக்கப்பட்டவர் கிரெக் ஓடன். நல்ல உயரம், நல்ல திறமை. ஆனால் முழங்காலில் அறுவை சிகிச்சை. முதல் பருவம் முழுக்க ஆட முடியவில்லை. பிறகும் காயம் மேல் காயம். என்.பி.ஏ.வில் அவர் ஆடியது மொத்தம் 105 ஆட்டம்தான். ஒரு பருவத்துக்கே 82 ஆட்டம் உண்டு!

2013-ல் கிளீவ்லாண்ட் அணி முதலாவதாக எடுத்தது ஆந்தனி பென்னெட் என்பவரை. நான்கு பருவங்களில் நான்கு அணி மாறினார். அதோடு என்.பி.ஏ. ஆட்டம் முடிந்தது. இன்றைக்கும் அவரைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இது நியாயமா? 'என்னை முதலாவதாக எடுங்கள்' என்று அவர் கேட்டாரா? கணக்குப் போட்டவர்கள் பெரியவர்கள். கணக்குத் தப்பியதும் பழியைச் சுமந்தது 20 வயது இளைஞர். பத்தாவது, இருபதாவது இடத்தில் எடுத்திருந்தால் அவரை யாரும் கேலி செய்திருக்க மாட்டார்கள்.

நம் நாட்டுக்காரர் ஒருவரும் இந்த வரிசையில் இருக்கிறார். பஞ்சாப் மாநிலத்துக் கிராமத்தில் பிறந்த சத்னம் சிங், ஏழடிக்கு மேல் உயரம். கல்லூரிக்குப் போகாமல், அமெரிக்கப் பயிற்சிப் பள்ளியில் இருந்து நேராக 2015 டிராஃப்டுக்கு வந்தார். 52-வதாக டல்லஸ் அணி எடுத்தது. இந்தியாவில் பிறந்து டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் வீரர் அவர்தான். ஆனால் என்.பி.ஏ. பருவ ஆட்டம் ஒன்றில்கூட இறங்கும் வாய்ப்பு வரவில்லை. அதற்காக அவர் தோற்றவர் ஆகிவிடுவாரா? அவர் நடந்த தூரத்தை அதற்கு முன் நம் நாட்டில் பிறந்த யாரும் நடந்ததில்லையே!

உங்களுக்கும் ஒரு வரிசை உண்டு

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் தெரியுமா? உங்களையும் தினம் தினம் யாராவது வரிசையில் நிறுத்துகிறார்கள். ரேங்க் கார்டில் ஒரு வரிசை. பிரேயரில் உயரப்படி ஒரு வரிசை. 'பக்கத்து வீட்டுப் பையனைப் பார்' என்று வீட்டில் ஒரு வரிசை. மாலையில் விளையாடப் போனால் இரண்டு கேப்டன்கள் நின்று, 'நீ எனக்கு, அவன் உனக்கு' என்று ஆள் பிரிக்கும் வரிசை.

வரிசை இருக்கட்டும். அது இன்றைக்கு எடுத்த ஓர் அளவு. நாளைக்கான ஓர் ஊகம். முன்னால் வந்தால் சந்தோஷப்படுங்கள். ஆனால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பின்னால் வந்தால் வருத்தம் வரும், அழுகைகூட வரும். வரட்டும். அழுது முடித்ததும் உங்கள் 'ஃப்ரீ த்ரோ' எது என்று தேடுங்கள். யாரும் கைதட்டாவிட்டாலும் தினமும் செய்யக்கூடிய அந்த ஒரு வேலையை விடாமல் செய்யுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். மற்றவர்களை எடைபோடும் இடத்தில் நீங்களும் சில நேரம் நிற்பீர்கள். நாளைக்கே நீங்கள் கேப்டனாக நின்று ஆள் பிரிக்க வேண்டியிருக்கலாம். அப்போது கடைசியாக ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். 'சரி, நீயும் வா' என்று அலுப்போடு கூப்பிடாதீர்கள். பக்கத்தில் போய், 'உனக்கு எது நன்றாக வரும்?' என்று கேளுங்கள். பதிலைக் காது கொடுத்துக் கேட்டு, அந்த வேலையையே அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள். என்ன குட்டீஸ், செய்வீர்கள்தானே?