மழை சாதி பார்க்காது, நிவாரணம் ஏக்கர் பார்க்கும்

ஆண்டுதோறும் செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழைக்கான முன்னறிவிப்பு வந்துவிடும். இந்திய வானிலை ஆய்வுத் துறை தென்தீபகற்பத்துக்குச் சொல்லும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் மாவட்டவாரியாகச் சொல்லும். கூடவே 'விவசாயிகளுக்கான ஆலோசனை'யும் வரும். தோழர்களே, அந்த விவசாயி யார்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம் பேர். விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம் பேர். இருமடங்குக்கும் மேல்! மக்கள்தொகையில் நாம் 20 விழுக்காடு. கூலிகளில் நம் பங்கு அதைவிட அதிகம். வயலில் அதிகம் நிற்கும் இந்த மக்களுக்கு முன்னறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை.

மழை குறையும் என்றால் வரும் வழக்கமான ஆலோசனை என்ன? நாற்று நடாதே, நேரடி விதைப்பு செய், களைக்கொல்லி தெளி. நிலம் வைத்திருப்பவருக்கு இது நல்ல யோசனைதான், தண்ணீரும் செலவும் மிச்சம். அந்தச் செலவு என்பது யாருடைய கூலி? நடவும் களையெடுப்பும் சேரிப் பெண்களின் வேலை. டெல்டாவில் ஒரு பருவம் நடவு நின்றால் அவர்கள் வீட்டில் அடகுக்கடைச் சீட்டுதான் மிஞ்சும். வயலைக் காப்பாற்றும் ஆலோசனை அவர்களுடைய வேலைநாளைப் பறிக்கிறது. பறிபோன நாட்களை எந்தத் துறையும் எண்ணுவதில்லை.

2016-ஐ நினைவுபடுத்துகிறேன். வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம், நிலவரித் தள்ளுபடி. ஏக்கரே இல்லாதவருக்கு? ஊரக வேலைத் திட்டத்தில் 100 நாளை 150 ஆக்கினார்கள். நல்லதுதான். ஆனால் அக்டோபரிலேயே வேலை போனவருக்கு ஜனவரியில் அறிவிப்பு. இடைப்பட்ட மாதங்களில் உலை கொதித்தது வட்டிக் கடனில்.

பயிர்க் காப்பீடும் இதே கதை. போதிய மழையின்றி ஒரு பகுதியில் விதைக்கவே முடியாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காடு கிடைக்க விதி இருக்கிறது. விதைக்காத நிலத்துக்கு இழப்பீடு உண்டு. அதே நிலத்தில் வேலை இழந்த கைக்கு எதுவும் கிடையாது.

"மழை பொய்த்தால் எல்லோருக்கும்தானே நட்டம், இதிலும் சாதியா?" என்று கேட்பார்கள். சிறு விவசாயியும் குத்தகைதாரரும் நொடிந்துபோவது உண்மை. அவர்களுக்குப் போகும் நிவாரணத்தை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் நிலம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த நாட்டில், நிலத்தை அளந்து மட்டும் நிவாரணம் கொடுத்தால் அது சாதி பார்த்துக் கொடுத்ததாகத்தான் முடியும். கூலி உயர்வு கேட்டுப் போராடிய மக்களில் 44 பேரை 1968-இல் எரித்துக் கொன்ற கீழ்வெண்மணி இதே டெல்டாவில்தான் இருக்கிறது. கூலியைப் பற்றிப் பேசாத விவசாயக் கொள்கை இங்கே நடுநிலையானதாக இருக்க முடியாது.

நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று: பருவ முன்னறிவிப்போடு, வட்டாரவாரியாக எத்தனை வேலைநாள் குறையும் என்ற மதிப்பீட்டையும் வெளியிட வேண்டும். இரண்டு: மழை குறையும் என்று முன்னறிவிப்பு சொன்ன உடனே, வறட்சி அறிவிப்புக்குக் காத்திராமல், கூடுதல் வேலைநாட்களைத் திறக்க வேண்டும். மூன்று: நிவாரணத்தை ஏக்கருக்கு மட்டுமின்றித் தலைக்கும் கணக்கிட வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபை நாள். முன்னறிவிப்பு வரும் அதே வாரம். மாணவத் தோழர்களே, அதை அச்செடுத்துச் சேரியில் வாசித்துக் காட்டுங்கள். நடவுக்குப் போகும் பெண்களிடம் சென்ற பருவம் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் கணக்கோடு சபையில் எழுந்து, இந்த மூன்றையும் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.