பூசாரி மறுக்கும் வரம்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது நம் முன்னோர் பட்டறிந்து சொன்ன பழமொழி. கோயிலுக்கு மட்டுமன்றி, நம் கூடத்தில் வீற்றிருக்கும் தொலைக்காட்சிக்கும் அது இன்று பொருந்தி வருகிறது. ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை ஒரு குடும்பம் தன் இல்லத்தளவில் பதிந்து வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வரம் தந்தது. ஒளியிழை வழியே தொலைக்காட்சி வழங்கும் நிறுவனங்களின் பெட்டியோ, "பார், ஆனால் வைத்துக்கொள்ளாதே" என்கிறது. இந்தப் பூசாரித்தனத்தைத் தமிழர்களாகிய நாம் ஏன் வாய்மூடி ஏற்க வேண்டும் என்பதே என் வினா.

சிங்கப்பூரில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் தொடங்கியது. நான்கு மொழிகளும் இடம் பகிர்ந்துகொண்ட அந்த ஒளிபரப்பில் தமிழுக்குக் கிடைத்த நேரம் சிறிது. வசந்தம் தனி ஒளிவழியாக மலர்ந்ததே 2008 அக்டோபர் 19இல்தான். அதற்கு முன்னெல்லாம், குறித்த நாளில் குறித்த நேரத்தில் வீட்டில் இல்லாதவர்க்குத் தமிழ் நாடகம் இல்லை. ஆலையில் இரவு முறை வேலை பார்த்தவர்க்கும், கடையடைக்க நேரமாகும் வணிகர்க்கும் அந்தக் குறையைத் தீர்த்தது ஒளிநாடாப் பதிவுக் கருவியே. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பேருந்தேறிச் சிராங்கூன் சாலைக்குச் சென்று படம் எடுத்து வந்த குடும்பங்கள், வெற்று நாடாவும் உடன் வாங்கி வந்தன. அதில் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி பதிவாயிற்று; மாணவர் பட்டிமன்றம் பதிவாயிற்று; பேரப்பிள்ளை ஒரு நொடி திரையில் தோன்றிய காட்சியும் பதிவாயிற்று. நாடாவின் முதுகில் பேனாவால் பெயரெழுதி அலமாரியில் அடுக்கிவிட்டால் அது அந்த வீட்டின் உடைமை. திருப்பிக் கொடு என்று கேட்க எவரும் வரவில்லை.

சட்டமும் இதை மதித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 சனவரி 17இல், சோனி நிறுவனத்தின் பேட்டாமேக்ஸ் கருவி பற்றிய வழக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது நியாயமான பயன்பாடே என்று ஐவர்க்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், தனிப்பட்ட இல்லப் பயன்பாட்டிற்காக ஒளிபரப்பைப் பதிவதை 114ஆம் பிரிவில் அனுமதித்தது.

பின் எங்கிருந்து வந்தது தடை? நிகழ்ச்சி வீட்டுக்குள் நுழையும் வழி மாறியதில் வந்தது. புக்கிட் பாஞ்சாங்கிற்கு அண்மையில், புக்கிட் பாத்தோக் குன்றின் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. வானலையில் வரும் வசந்தத்தை எந்த வீட்டு ஆண்டெனாவும் வாங்கலாம். கேபிள்வழிக் கட்டணச் சேவை, இடையில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது. ஆயினும் அந்நாளில் அப்பெட்டியின் பின்புறத்தில் ஒளிநாடாக் கருவியை இணைத்துப் பெரும்பாலும் பதிய முடிந்தது. 2019இல் இரு கதவுகள் மூடின. ஆண்டின் தொடக்கத்தில் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் ஸ்டார்ஹப்பின் கேபிள் சேவை முடிவுற்று, சந்தாதாரர்கள் ஒளியிழைக்குக் குடிபெயர்ந்தனர்.

ஒளியிழையின் சிறப்பை நான் மறுக்கவில்லை. படம் தெளிவு, வேகம் பெரிது. ஆனால் அதன் இயங்குமுறையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். கேபிளில் ஒளிவழிகள் பலவும் ஒருங்கே வீடு வந்து சேர்ந்தன. ஒளியிழைத் தொலைக்காட்சியிலோ நாம் கேட்கும் ஒளிவழி மட்டும், நிறுவனத்தின் கணினி இசைந்த பின்னர், பூட்டிய தரவாக வருகிறது. திறக்கும் சாவி நிறுவனம் தந்த பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியிலிருந்து திரைக்குச் செல்லும் எச்டிஎம்ஐ வடத்திலும் எச்டிசிபி என்னும் மற்றொரு பூட்டு. நம் பணத்தில் வாங்கிய பதிவுக் கருவி அங்கே ஊமையாகி நிற்கிறது. நிறுவனமே பதிவுப் பெட்டி தருவதும் உண்டு. அதில் பதிந்தது அந்தப் பெட்டிக்கு வெளியே ஓடாது. சந்தா முடிந்து பெட்டியைத் திருப்பித் தரும் நாளில் பதிவுகளும் உடன் போகும். நிறுவனத்தின் கணினியிலேயே சேமித்துத் தரும் முறையிலும், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று விதிப்பது நிறுவனமே.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு மூதாட்டி, மறைந்த தம் கணவர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த நிகழ்ச்சி ஒன்றை நான்காண்டுகள் காத்து வைத்திருந்தார். பெட்டி பழுதுற்றது, புதிய பெட்டி வந்தது, பழையதை ஊழியர் எடுத்துச் சென்றார். பதிவு எங்கே என்று கேட்டபோது, "அது அந்தப் பெட்டியோடு போய்விடும், அம்மா" என்பதே மறுமொழி. பெட்டியைத்தான் வாடகைக்கு எடுத்தோம் என்று அவர் எண்ணியிருந்தார். நினைவையும் வாடகைக்கு எடுத்திருந்தார் என்பதை அவரிடம் எவரும் சொல்லவில்லை.

இவ்வுரிமையை நம் நீதிமன்றம் எண்ணிப் பார்க்காமல் இல்லை. ரெக்கார்ட் டிவி என்னும் நிறுவனம், மீடியாகார்ப்பின் இலவச ஒளிபரப்பைப் பயனர் கேட்டபடி இணையவழி பதிந்து தரும் சேவையை நடத்தியது. உயர் நீதிமன்றத்தில் தோற்ற அது, 2010 டிசம்பர் 1இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. பதிபவர் பயனரே, சேவை தருபவர் அல்லர் என்பது தீர்ப்பின் சாரம். 2012 ஏப்ரலில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு, ஆப்டஸ் நிறுவனத்தின் இத்தகைய சேவைக்கு எதிராகத் தீர்ப்பளித்ததை அருகில் வைத்துப் பார்த்தால், நம் நீதிமன்றம் காட்டிய துணிவு விளங்கும். ஆனால் அத்தீர்ப்பு இலவச ஒளிபரப்பைப் பற்றியது. கட்டணப் பெட்டியின் பூட்டை அது தொடவில்லை. அந்தப் பூட்டைத் திறக்க முயல்வதையோ சட்டம் தனியே தடுக்கிறது. ஒரு கையால் பதியும் உரிமையைக் கொடுத்து, மறு கையால் அதைப் பயன்படுத்தும் வழியை அடைப்பது என்ன நியாயம்?

"பதிய விட்டால் திருட்டு பெருகும்" என்பர் நிறுவனத்தார். திருட்டை நானும் வெறுக்கிறேன். கள்ளத்தனமாய்ப் படங்களைக் காட்டும் பெட்டிகளை விற்போரைத் தண்டிக்க 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வழி செய்திருக்கிறது, அது சரியே. ஆனால் ஊரில் திருடன் இருக்கிறான் என்பதற்காக ஒவ்வொரு வீட்டின் சாவியையும் ஒரே கணக்கப்பிள்ளை வாங்கி வைத்துக்கொள்வதுண்டோ?

"எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே, பதிவெதற்கு?" என்பர் இளைஞர். மீவாட்ச் தளத்தில் வசந்தம் நிகழ்ச்சிகள் கிடைப்பது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் இன்று கிடைப்பது நாளையும் கிடைக்கும் என்பதற்கு உறுதி தருவோர் யார்? உரிம ஒப்பந்தம் முடிந்தால் படம் மறையும். பார்ப்போர் குறைந்தால் தொடர் மறையும். பார்ப்போர் தொகையில் நாம் எந்நாளும் சிறுபான்மையினர். வெள்ளம் வடியும்போது முதலில் காய்வது ஓரத்து வயலே.

காப்பதைப் பெரிய நிறுவனங்களிடம் மட்டும் விட்டால் என்னவாகும் என்பதற்கு வரலாறு சான்று. பிபிசி தன் பழைய நிகழ்ச்சிகள் பலவற்றைத் தானே அழித்தது. டாக்டர் ஹூ தொடரின் காணாமற்போன பகுதிகளுக்கு இன்று ஒலியேனும் எஞ்சியிருப்பது, நேயர்கள் தம் வீட்டில் ஒலிநாடாவில் பதிந்து வைத்ததனால்தான். பிலடெல்பியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்னும் அம்மையார் 2012இல் மறையும்வரை முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பல்லாயிரம் நாடாக்களில் பதிந்தார். அவை பின்னர் இணைய ஆவணக் காப்பகத்திற்குச் சென்றன.

நம் கதையும் வேறன்று. வீட்டுப் பரணில் ஏடு கிடந்தமையால் உ.வே.சாமிநாதையர் அதைத் தேடிக் கண்டெடுத்தார். 1887இல் இங்கே தோன்றிய சிங்கை நேசன் இதழ்களைச் சிலர் காத்து வைத்தமையால் நாம் அவற்றைப் படிக்கிறோம். 2015இல் நம் எழுத்தாளர்களின் நூல்கள் மின்மயமாக்கப்பட்டபோதும், கையில் புத்தகம் இருந்ததால்தான் அப்பணி இயன்றது. பிரதி பல கைகளில் இருப்பதே சிறிய மொழிச் சமூகத்திற்குக் காப்பு. அந்தக் காப்பைத்தான் பூட்டிய பெட்டி பறிக்கிறது.

அரசு தலையிட முடியாதா? முடியும், தலையிட்டும் இருக்கிறது. இங்கிலாந்துப் பிரிமியர் லீக் காற்பந்தாட்ட உரிமை ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குப் போனதும், ஒரே வீட்டில் இரு பெட்டிகள் வேண்டுமோ என்று மக்கள் மனம் புழுங்கினர். 2010 மார்ச்சில், தனியுரிமை பெற்ற நிகழ்ச்சியைப் போட்டி நிறுவனத்தின் வாயிலாகவும் தரவேண்டும் என்று விதி பிறந்தது. பந்துக்காகப் பெட்டியின் கதவைத் திறக்க முடிந்த நமக்கு, பண்பாட்டுக்காகத் திறக்க முடியாதா?

ஆகவே நான் கேட்பவை மூன்று. முதலாவது, இல்லப் பயன்பாட்டிற்காகப் பதிந்ததைச் சந்தா முடிந்த பின்னும், பெட்டி மாறிய பின்னும் பார்க்க வழி தரப்பட வேண்டும். இரண்டாவது, கடையில் வாங்கிய பதிவுக் கருவியும் ஒளியிழைச் சேவையோடு இணைய வேண்டும். அமெரிக்காவில், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த கேபிள்கார்டு என்னும் தனிச் சாவியட்டை அதைச் செய்து காட்டியது. அதற்கான கட்டாயத்தை 2020இல் அங்கே நீக்கிவிட்டார்கள். உரிமையை ஒருமுறை பெற்றால் போதாது, காத்து நிற்கவும் வேண்டும் என்பதே அதன் பாடம். மூன்றாவது, 2021ஆம் ஆண்டுச் சட்டம் சில பயன்பாட்டு உரிமைகளை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாதெனக் கூறுகிறது. இல்லப் பதிவையும் அவ்வரிசையில் சேர்க்க வேண்டும்.

புக்கிட் பாஞ்சாங்கில் ரயிலேறினால் வண்டி மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கும் வசதி 2015 டிசம்பரில் நமக்கு வந்தது. வழிகள் விரைவாவது நன்றே. ஆனால் போகும் வழி விரைவானதற்கு ஈடாக, வாங்கி வந்த பொருளை வாசலில் ஒப்படைத்துவிட்டுப் போ என்று எவரேனும் சொன்னால் பொறுப்போமா? தொலைக்காட்சியில் மட்டும் ஏன் பொறுக்கிறோம்? சந்தா நாம் கட்டுகிறோம், மொழி நம்முடையது, திரையில் தோன்றும் முகங்களும் நம் முகங்களே. அவற்றை நம் வீட்டில் வைத்துக்கொள்ளும் உரிமையை உரக்கக் கேட்போம்.