கோடைத் தக்காளிக்கு எந்த விதை?

சித்திரையில் வாழப்பாடி, ஓமலூர்ப் பக்கம் தக்காளிச் செடி பூக்கும், காய் நிற்காது. பகல் வெயில் மட்டுமல்ல, இரவுப் புழுக்கமும் காரணம். இரவு வெப்பம் 21 டிகிரியைத் தாண்டினாலே மகரந்தம் வீரியம் இழந்து பூ உதிரத் தொடங்கும். நம் சித்திரை இரவுகளோ 25 டிகிரியில் நிற்கின்றன.

வெயிலைத் தாங்கும் வீரிய ஒட்டு ரகங்கள் வந்திருப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பழத்து விதையைப் போட்டால் செடிக்குச் செடி குணம் மாறும். ஒவ்வொரு போகத்துக்கும் கடை விதைதான். பூ உதிர்ந்தால் விதைக்காசும் போச்சு.

பெரியகுளத்தில் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய பி.கே.எம். 1, அண்ணஞ்சி நாட்டுத் தக்காளியிலிருந்து வந்தது. அதன் விதையை விவசாயியே எடுத்து வைக்கலாம். கோடைக்கும் அப்படியொரு ரகம் வேண்டும். அரசு ஆராய்ச்சிப் பணம் முதலில் அதற்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி.