விட்டுக்கொடுத்துத் தோற்க வேண்டா



என் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். ஓய்வு நேரத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனுடன் ஆடுபுலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்த கட்டம். புலிகளாக 3 புளியங்கொட்டைகள். ஆடுகளாக 15 சட்டைப் பொத்தான்கள். ஆடுகள் அவனுக்கு, புலிகள் எனக்கு. பையன் மகிழட்டுமே என்று, வெட்டக்கூடிய ஆட்டை வெட்டாமல் விட்டேன். சற்று நேரத்தில் என் புலிகள் மூன்றும் அடைபட்டன. அவன் மகிழவில்லை. கட்டத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, “ஐயா, இந்த ஆட்டை நீங்க வெட்டியிருக்கலாமே, ஏன் வெட்டல?” என்று கேட்டான். என்னிடம் விடை இல்லை.

அவனை மகிழ்விப்பதாக எண்ணி, அவனுடைய சிந்தனையை நான் அவமதித்துவிட்டேன். குழந்தைகளுடன் ஆடும்போது பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்பது கூடாது என்பதே அன்று முதல் என் கருத்து.

ஏன் கூடாது? இவ்வகை ஆட்டங்களில் ஆசான் நாமல்லர், பலகையே ஆசான். ஆடு தனித்து நின்று, அதற்கு அப்பாலுள்ள புள்ளி காலியாக இருந்தால், புலி தாண்டி வெட்டிவிடும். அங்கே இன்னோர் ஆடு நின்றால் வெட்ட இயலாது. ‘துணையின்றி நிற்காதே’ என்னும் இப்பாடத்தை நான்கைந்து ஆடுகளை இழந்த குழந்தை தானே கண்டுபிடிக்கும். நாம் இரக்கப்பட்டு வெட்டாமல் விட்டால், தவறான நகர்வும் சரியானதாகவே அதற்குத் தோன்றும்.

நம் ஜொகூர்ப் பிள்ளைகள் அறிந்த சொங்காக் ஆட்டத்தையும் பாருங்கள். நம் பல்லாங்குழியைப் போன்றே பக்கத்திற்கு 7 குழிகள். கூடுதலாக இரு முனைகளிலும் ‘வீடு’. குழிக்கு 7 காய்கள். கடைசிக் காய் தன் வீட்டில் விழுந்தால் மறுபடியும் ஆடலாம். வீட்டிற்கு மிகத் தொலைவிலுள்ள குழியிலிருந்து தொடங்கினால் ஏழாவது காய் சரியாக வீட்டில் விழும். இதை நாம் சொல்லாமலே ஒரு குழந்தை கண்டறியும் வேளையில் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்! கூட்டலும் முன்னோக்கிய சிந்தனையும் அங்கே ஒன்றாகப் பிறக்கின்றன.

“சின்னப் பிள்ளைதானே, ஐயா! தோற்றால் அழும், பலகையைக் கவிழ்த்துவிடும்” என்று பெற்றோர் சொல்வதுண்டு. உண்மைதான். எட்டு வயதுப் பிள்ளையும் நாற்பது வயதுத் தந்தையும் சமபலம் உடையவர்கள் அல்லர். அதற்கு வழி, மறைவாகத் தோற்பது அன்று; வெளிப்படையாகப் பலத்தைக் குறைத்துக்கொள்வது. சதுரங்கத்தில், “அப்பா இன்று இராணி இல்லாமல் ஆடுகிறேன்” என்று சொல்லிக் காயை எடுத்து வைத்துவிடுங்கள். ஆடுபுலியில் 2 புலிகளோடு ஆடுங்கள். பிறகு முழு மூச்சாக ஆடுங்கள். பிள்ளை தவறாக நகர்த்தினால், “எதனால் இப்படி ஆயிற்று? திரும்ப வைத்துப் பார்” என்று ஒருமுறை வாய்ப்புக் கொடுங்கள். அப்படி அடைந்த வெற்றி அதற்கே உரியது. அடுத்த மாதம், “இராணியையும் வைத்துக்கொள்ளுங்கள், அப்பா” என்று அதுவே கேட்கும் நாள் வரலாம்.

நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரில், 2024 டிசம்பர் 12ஆம் நாள் சென்னை இளைஞர் குகேஷ் 18 வயதில் உலகச் சதுரங்க வாகையர் ஆனார். நம் பிள்ளைகளுக்கு அந்த வெற்றியைக் காட்டுகிறோம். ஆனால், டிங் லிரெனுக்கு எதிரான அப்போட்டியில் அவர் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். 12ஆவது ஆட்டத்திலும் தோற்றார். 14ஆவது ஆட்டத்தில்தான் பட்டத்தை வென்றார். தோற்ற மறுநாளும் பலகை முன் அமரத் தெரிந்தவருக்கே அப்பட்டம் கிட்டியது. அந்தப் பழக்கத்தை எத்தனை வயதில் தொடங்குவது?

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. ஆயினும், பிள்ளை எதிலும் தோற்றுவிடக் கூடாதே என்னும் அச்சம் நம் மனங்களைவிட்டு அகலவில்லை. தோல்வியையே காணாத பிள்ளை, விடை தெரியாத கணக்கைக் கண்டதும் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது. இதை வகுப்பறையில் நாள்தோறும் பார்க்கிறேன்.

விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் களைத்துத் திரும்பும் பெற்றோர் இங்கே பலர். அவர்களிடம் மணிக்கணக்கில் ஆடுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. வாரத்தில் ஓர் இரவு, இருபது நிமிடம் போதும். கைப்பேசிகளை ஒருபுறம் வைத்துவிட்டு, தரையில் அமர்ந்து, உண்மையாக ஆடுங்கள்.

அந்த மாணவனுடன் மறுவாரம் மீண்டும் ஆடினேன். இம்முறை அவனுடைய ஆடுகளில் ஆறினை வெட்டினேன். தோற்றுப்போனவன், மணி அடித்ததும் பொத்தான்களைப் பொறுக்கித் தந்துவிட்டு, “நாளைக்கும் ஆடலாமா, ஐயா?” என்றான்.